நீர் என்று சொன்னேன்

‘நீர்’ என்றதும் தண்ணீரை நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் அது ஆளை அழைக்கிற சொல். ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் நடுவில் நிற்கும். வாத்தியார் பெரிய வகுப்புப் பிள்ளையைப் பார்த்து ‘நீர் சொல்லும்’ என்பார். கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கூட வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் ‘நீர்’ என்பார்கள். புருஷன் பெண்சாதியை ‘நீர்’ என்றால் படித்த குடும்பம், மரியாதை தெரிந்த மனிதர் என்று ஊர் மெச்சும். பெண்சாதி புருஷனை ‘நீர்’ எனலாமா? கூடாது. அவள் ‘நீங்கள்’ என்றுதான் சொல்ல வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தாலாவது எடுத்துக் கிழித்துப் போட்டிருக்கலாம்.

அந்த ஒரு சொல்லுக்காக, பேர்லினில் நாங்கள் எடுத்த ஒரு தொலைக்காட்சி நாடகம் வெளிவராமலே போகப் பார்த்தது. எழுதியது நான். சொன்னதும் நான். இன்றைக்கு அதைத் திரும்ப எழுதச் சொன்னாலும் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்.

பேர்லின் சுவர் விழுந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நகரத்தில் பொதுமக்களுக்கென்று ஒரு தொலைக்காட்சி அலைவரிசை இருந்தது. யாரும் போகலாம், கமரா பிடிக்கவும் படத்தை வெட்டி ஒட்டவும் சின்னப் பயிற்சி எடுக்கலாம், தாங்களே நிகழ்ச்சி செய்து கொடுத்தால் போடுவார்கள். நிகழ்ச்சிக்கு நான்தான் பொறுப்பு என்று யாராவது ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் அதில் கோயில் திருவிழாவைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாமி வலம் வந்து முடியும் வரை கமராவும் பின்னாலேயே வலம் வரும். பாதி நேரம் முன்னால் போகிற யாரோ ஒருவரின் குளிர்ச் சட்டை முதுகுதான் திரையில் தெரியும். அதையும் சனம் வீட்டில் கும்பிட்டுக்கொண்டு பார்க்கும்.

எங்கள் தமிழ் மன்றத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். ஊரில் தபாலதிபராக இருந்தவர், இங்கே நொய்கெல்ன் பகுதியில் மரக்கறிக் கடை வைத்திருந்தார். எல்லாரும் அவரை அண்ணை என்போம். அவர் எங்களுக்குக் கூட்டம் வைத்து, திருவிழா போதும், இனி நல்ல நாடகம் ஒன்று எடுத்து அந்த அலைவரிசையில் போட வேண்டும் என்றார். பழைய காலத்துக் கதையாக இருந்தால் நல்லதாம். பின்வரிசையில் இருந்த நான் எழும்பி, ஒரு இங்கிலீசு நாவல் இருக்கிறது, அதைத் தமிழில் நாடகமாக எழுதுகிறேன் என்றேன்.

“இங்கிலீசுக்காரன்ர கதை எங்களுக்கு என்னத்துக்குப் பிள்ளை?” என்றார் தலைவர்.

“அது விக்டோரியா மகாராணி காலத்துக் கதை அண்ணை. அந்த மனிசி எங்களையும் சேத்துத்தானே ஆண்டது? அப்ப அந்தக் காலம் எங்கடையும்தான். அவங்கள் மட்டும் உரிமை கொண்டாட என்ன இருக்கு?”

“உமக்கு வாய் கூட.”

“வாய் இருக்கிறபடியால்தான் நாடகம் எழுதலாம் எண்டு நினைச்சனான்.”

சனம் சிரித்துவிட்டது. சிரித்தபடியால் அவருக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் இங்கிலீசு இலக்கியம் படித்தபோது சோதனைக்கு வந்த புத்தகம் அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. புத்தகம் பெரிய இடத்துப் புத்தகம், நான் அதற்குச் செய்த வேலைக்கு அதைப் பிடித்து இழுப்பது நியாயமில்லை. கதை சின்னதுதான். தகப்பன் தாய் இல்லாத ஒருத்தி, பெரிய ஆலை முதலாளியின் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலைக்கு வருகிறாள். முதலாளி திமிர் பிடித்தவன். போகப் போக அவனுக்கு அவளில் விருப்பம் வருகிறது. விருப்பத்தையும் ஒரு கட்டளையாகத்தான் சொல்லத் தெரிகிறது அவனுக்கு. அவள் நிமிர்ந்து நின்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வீட்டை விட்டுப் போகிறாள். கடைசியில் அவனே அவளைத் தேடி வருகிறான்.

இதை நான் அப்படியே தூக்கி யாழ்ப்பாணத்தில் வைத்தேன். ஆலை, சுருட்டுக் கொட்டிலானது. பாதிரியார், ஊர் அதிகாரியான உடையாரானார். மூடுபனிக்குப் பதிலாகப் புழுதி. குதிரை வண்டி மாட்டு வண்டியாகி, பேர்லினில் மாட்டுக்கு எங்கே போவது என்று வெறும் சத்தமாகியது. அந்தச் சத்தத்துக்கு நடன வகுப்புப் பிள்ளை ஒன்றின் சலங்கையை வாங்கி வந்தோம்.

அந்த நாட்களில் நான் வீடுகள் துப்புரவாக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊபானில் போகும்போதும் வரும்போதும் எழுதுவேன். சுரங்க ரயில் ஆடுகிற ஆட்டத்தில் எழுத்துக் கோணும், கதை கோணாது. எல்லாம் நன்றாகத்தான் போனது. இந்த ‘யூ’ என்கிற சொல்லில் வந்து இடித்துக்கொண்டேன்.

இங்கிலீசில் முதலாளியும் அவளை ‘யூ’ என்கிறான், அவளும் முதலாளியை ‘யூ’ என்கிறாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதை நான் கவனிக்கவே இல்லை. தமிழில் எழுதத் தொடங்கியதும் அவன் வாயில் தானாகவே ‘நீ’ வந்தது, அவள் வாயில் தானாகவே ‘நீங்கள்’ வந்தது. நான் யோசித்துப் போட்டதல்ல, கையில் இருந்த பேனை போட்டது. வாசித்துப் பார்த்தால் அவள் ஒவ்வொரு வரியிலும் குனிந்து குனிந்து நிமிர்கிறாள். கோபத்தில் கேட்கிற இடத்திலும் ‘நீங்கள் என்னைக் கேட்டீங்களோ’ என்கிறாள். சீ, இது கோபமா? கெஞ்சல். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. ஜேர்மன் பாஷையில் ‘டூ’ என்றால் நீ, ‘ஸீ’ என்றால் நீங்கள். அறிமுகம் இல்லாத பெரிய ஆட்களை ‘ஸீ’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் விசாவுக்காகப் போய் நிற்கிற ஒரு கந்தோரில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனிசி வெளிநாட்டுப் பெண்சாதிக்காக வந்து எனக்கு முன்னால் நின்ற ஜேர்மன்காரனுக்கு ‘ஸீ’ சொன்னாள், எனக்கு ‘டூ’ சொன்னாள். “டூ அங்கே இரு.” நான் இருக்கவில்லை. “டூ எப்போது கூப்பிடுவாய்?” என்று கேட்டேன். அவள் முகம் மிளகாய் நிறத்துக்குப் போயிற்று. அடுத்த டெர்மினை, அதாவது திரும்ப வர வேண்டிய நாளை, மிகத் தள்ளித்தான் தந்தாள். போனால் போகட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆக, கந்தோரில் ஒருத்தியின் முகத்துக்கு நேரே ‘டூ’ சொன்ன நான், என் சொந்த நாடகத்தில் ஒருத்தியைக் குனிய விடுகிறேனா? ஊபானில் இருந்தபடியே அந்த ஒரு காட்சியில் ‘நீங்கள்’ எல்லாவற்றையும் வெட்டினேன். ‘நீ’ என்று போட்டிருந்தால் அது வசவு. அவள் வைய வரவில்லை. உனக்குச் சமமாக நிற்கிறேன் என்று சொல்ல வருகிறாள். அதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது. இங்கிலீசில் இல்லாத, ஜேர்மனிலும் இல்லாத சொல். அதைப் போட்டேன்.

“குறை வராது எண்டு நீர் சொல்லுறீர். எனக்கு என்ன வேணும் எண்டு ஒருநாளாவது கேட்டீரோ?”

எழுதிவிட்டு வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். இறங்க வேண்டிய இடமும் தாண்டிப் போய்விட்டது.

பிறகு ஆட்கள் தேடினோம். கதாநாயகிக்கு ஒருவரும் அகப்படவில்லை. ‘நடிக்க எனக்கு விருப்பம்தான் அக்கா, அவர் விடமாட்டார்’ என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பாட்டு. சரி, நானே நடிக்கிறேன் என்றேன். அப்போது தலைவர், முதலாளியாக நடிப்பது யார் என்று கேட்டார். வேறு ஆம்பிளையோடு நான் நடித்தால் ஊர் வாய்க்கு யார் மூடி போடுவது? கடைசியில் எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். நல்ல மனிதர், நல்ல மீசை, மேடை என்றால் பயம். மாட்டேன் மாட்டேன் என்று நின்றவர், பழைய காலத்துக் கோட்டையும் தலைப்பாகையையும் போட்டுக் கண்ணாடியைப் பார்த்ததும் கொஞ்சம் இளகினார். “உடையார் வம்சம் மாதிரிக் கிடக்கென்ன?” என்று என்னிடம் கேட்டார். “அதைவிடத் திறம்,” என்றேன். ஆள் விழுந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வசனத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுகிற சத்தம் நின்றது.

“என்னப்பா, இந்த இடத்தில ‘நீங்கள்’ எண்டு எழுத மறந்திட்டீர் போல.”

“மறக்கேல்லை.”

“‘நீர்’ எண்டெல்லோ கிடக்கு?”

“ஓம். ‘நீர்’ எண்டுதான்.”

அவர் கத்தியை வைத்தார். “என்னை நீர் ‘நீர்’ எண்டு சொல்லப் போறீரோ? தொலைக்காட்சியிலயோ?”

“உங்களை இல்லையப்பா. கதாநாயகி முதலாளியைச் சொல்லுறாள்.”

“விசர்க் கதை கதையாதையும். சனத்துக்கு நீர் நீர்தான், நான் நான்தான். தலைப்பாகை கட்டினாப்போல எனக்கு முகம் மாறிப்போச்சுதோ?”

அதில் அவர் சொன்னது சரிதான். எங்கள் சனம் மேடையில் அரசன் வந்தால் அரசன் வந்தான் என்று சொல்லாது. ‘உங்கை பார், மரக்கறிக் கடைக்காரர் வாறார்’ என்றுதான் சொல்லும். நாடகத்தில் செத்துப்போனவரை அடுத்த நாள் பஸ்ஸில் கண்டு, “நேற்று வடிவாச் செத்தனீங்கள் அண்ணை” என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். நான் அந்த வரியைச் சொன்னால், சுருட்டு முதலாளியைக் கதாநாயகி கேட்டாள் என்று பேர்லினில் ஒரு தமிழரும் எடுக்க மாட்டார். இன்னாருடைய பெண்சாதி புருஷனை ‘நீர்’ என்றாள் என்றுதான் சனம் எடுக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினேன்.

“உங்கட முதலாளி உங்களை ‘டூ’ எண்டுதானே கூப்பிடுறான்?” என்று கேட்டேன்.

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“நீங்கள் அவனை ‘ஸீ’ எண்டு சொல்லுறியள். ஒருநாளைக்கு நீங்களும் ‘டூ’ எண்டு சொல்ல வேணும்போல இருக்கேல்லையோ?”

“அது வேலையப்பா.”

“அந்தப் பிள்ளையும் அங்க வேலைக்குத்தானே நிக்கிறாள்.”

அவர் லீக்ஸை எடுத்துத் தும்புதும்பாக வெட்டினார். அன்றைக்குத் தேங்காய்ப்பால் சொதிக்குள் லீக்ஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, “‘நீங்கள்’ எண்டு சொன்னால் நடிக்கிறன். இல்லாட்டி ஏலாது,” என்றார்.

“பாப்பம்,” என்றேன்.

‘பாப்பம்’ என்பது எங்கள் ஊரில் வாக்குறுதி அல்ல. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

படம் பிடிக்க இடம் தந்தது நான் துப்புரவாக்கப் போகிற ஒரு வீட்டுக்கார அம்மா. ஜேர்மன்காரி, தனி ஆள், எண்பதுக்குக் கிட்ட வயது. நான் அவவின் குளியலறையைத் தேய்க்கிற காலமெல்லாம் எனக்கு ‘ஸீ’ தவிர வேறொன்று சொல்லாத மனிசி. உயர்ந்த கூரையும் பெரிய கதவுகளுமாக அந்த வீடு பழைய காலத்துப் பங்களா மாதிரியே இருந்தது. மூலையில் நின்ற, அறையைச் சூடாக்கும் ஓடு பதித்த கணப்பைத்தான் மறைக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் கணப்புக்கு என்ன வேலை? மேலே ஒரு காஞ்சிபுரம் சேலையைப் போட்டு, முன்னால் ஒரு குத்துவிளக்கை வைத்து, சாமியறை ஆக்கினோம்.

படம் பிடித்த அன்று பார்த்து வெளியில் பனி கொட்டியது. உள்ளே வசனம், “என்ன வெயில், மண்டை பிளக்குது.” ஜன்னலுக்குப் பாய் தொங்கவிட்டோம். கோட்டும் தலைப்பாகையுமாக என் வீட்டுக்காரர் கணப்புக்குப் பக்கத்தில் வேர்த்து ஒழுகினார். வேர்வை மட்டும் அசல் யாழ்ப்பாணம்.

கமரா பிடித்தவர் மதுரைக்காரர். பேர்லினில் பொறியியல் ஆராய்ச்சிக்கு வந்தவர், படம் பிடிப்பதில் பைத்தியம். எங்கள் தமிழ் அவருக்கு அரைவாசிதான் விளங்கும். வசனத்தை வாசித்துவிட்டு அவர் என்னிடம் ஓடி வந்தார்.

“மேடம், இந்த ‘நீர்’ செமையா இருக்கு. அப்படியே பழைய ராஜா காலத்துப் படம் பார்க்கற மாதிரி பீரியட் ஃபீல் வருது. ஹீரோவுக்கு அவ்வளவு ரெஸ்பெக்ட் குடுக்கறாங்க இல்ல?”

அவருடைய ஊரில் ‘நீர்’ என்று அரசர்களும் புலவர்களும்தான் பேசுவார்கள், அதுவும் சினிமாவில். நான் என்ன செய்ய? வகுப்பு எடுக்க அது நேரமா?

“ஓம் தம்பி, நல்ல மரியாதையான சொல்,” என்றேன். பொய்யும் இல்லை.

அந்தக் காட்சி வந்தது. அவர் கதிரையில் இருக்கிறார், நான் முன்னால் நிற்கிறேன். வீட்டுக்கார அம்மா கதவடியில் ஒரு நாற்காலி போட்டு இருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

“நீ இனி எங்கையும் போகத் தேவையில்லை,” என்றார் அவர், மீசையை நீவிக்கொண்டு. “இந்த வீட்டிலயே இரு. உனக்கு ஒரு குறையும் வராது.”

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். ‘நீங்கள்’ என்று சொல்லும் என்று அந்த முகம் கேட்டுக்கொண்டிருந்தது. கெஞ்சியது என்றும் சொல்லலாம். என் மனிதர், எனக்காகத் தலைப்பாகை கட்டி வேர்த்துக்கொண்டிருக்கிற மனிதர். ஆனால் அந்தச் சொல்லை விழுங்கினால், பிறகு இந்த நாடகம் எனக்கு என்னத்துக்கு?

“குறை வராது எண்டு நீர் சொல்லுறீர்,” என்றேன். “எனக்கு என்ன வேணும் எண்டு ஒருநாளாவது கேட்டீரோ?”

என் தொண்டையில் அந்தச் சொல் புதிதாக இருந்தது. கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவரைப் பார்த்து ஒருநாளும் சொல்லாத சொல். அவருடைய கண் அப்படியே நின்றது. பிறகு, “வெளியில போ!” என்றார். வசனமும் அதுதான். ஆனால் நான் அந்த இடத்தில் ‘நீங்கள்’ என்று சமாளித்த ஒத்திகையில் ஒருநாளும் அப்படி வரவில்லை. குத்துவிளக்குச் சுடர் ஆடிப்போயிற்று. நான் வெளியே போனேன்.

“கட்! சூப்பர் சார், சூப்பர்!” என்று மதுரைக்காரர் துள்ளினார். “எப்படி சார் அந்தக் கோபம்? நேச்சுரலா வந்துச்சு!”

கதவடியில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து, ஒரு சொல் சொன்னீர்களே, உங்கள் கணவரின் முகம் மாறியதே, அது என்ன என்று கேட்டா. ‘டூ’வுக்கும் ‘ஸீ’க்கும் நடுவில் எங்களுக்கு ஒன்று இருக்கிறது என்றேன். அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, “நடுவிலா? அது வசதியான இடமாயிற்றே,” என்றா. வசதியோ இல்லையோ, அன்றைக்கு நான் அங்கேதான் நின்றேன்.

வீட்டுக்குப் போகிற ஊபானில் என் வீட்டுக்காரர் தலைப்பாகையைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். சுரங்கத்துக்குள் ஜன்னலில் பார்க்க என்ன இருக்கிறது? மிச்சக் காட்சிகளையும் வந்து ஒழுங்காக நடித்துக் கொடுத்தார். ஆனால் வீட்டில் எனக்கு ‘ஓம்’, ‘இல்லை’, ‘சாப்பிட்டாச்சு’ என்ற மூன்றும்தான் கிடைத்தன. நானும் விடவில்லை. மன்னிப்புக் கேட்க நான் என்ன களவா எடுத்தேன்?

படத்தை வெட்டி ஒட்டி முடித்ததும் தலைவரின் வீட்டில் போட்டுப் பார்த்தோம். தலைவரும் மன்றத்துக்காரர் இரண்டு பேரும் சோபாவில். மதுரைக்காரர் வீடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில். நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டு மேசைக் கதிரைகளில். பயற்றம் பணியாரம் சுற்றி வந்தது. சலங்கைச் சத்தத்தில் மாட்டு வண்டி வந்தபோது தலைவர் தலையை ஆட்டி ரசித்தார். கோட்டுப் போட்ட என் வீட்டுக்காரரைப் பார்த்து, “அச்சொட்டா உடையார்தான்,” என்றார். பிறகு அந்தக் காட்சி வந்தது. நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். தலைவரின் கையில் பணியாரம் பாதி வழியில் நின்றது.

“நிப்பாட்டும். அதை வெட்ட வேணும்,” என்றார்.

“எதை சார்?” என்றார் மதுரைக்காரர்.

“உந்தப் பிள்ளை ‘நீர்’ எண்டு சொன்ன இடத்தை.”

“சார், அது ரெஸ்பெக்ட்டான வார்த்தைதானே சார்?”

“உங்கட ஊரில மரியாதையா இருக்கும். எங்கட ஊரில கட்டினவனை மனிசி அப்பிடிச் சொன்னால் கழுத்தில பிடிச்சு வெளியில தள்ளின மாதிரி.”

மதுரைக்காரர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். பாவம், இவ்வளவு நாளும் அவர் அதை ஒரு ராணியின் பணிவு என்று நினைத்துக் கிட்டப் போய்ப் படம் பிடித்து வைத்திருந்தார். என் முகம் திரை முழுக்க இருந்தது. அதை வெட்டினால் காட்சியே இல்லை.

“வெட்ட ஏலாதெண்டால் அந்த இடத்தில வயலினைப் போடுங்கோ,” என்றார் தலைவர். “கொஞ்சம் சோகமா. சொல்லுக் கேக்காது.”

“வயலின் வராது அண்ணை,” என்றேன். “அந்தச் சொல்லு போறதெண்டால் நாடகமும் போகும். பொறுப்பு எண்டு கையெழுத்து வைச்சது நான். டெர்மினுக்கு டெர்மின் போய்ப் பயிற்சி எடுத்ததும் நான். நீங்கள் ஆரும் வரேல்லை.”

என்னோடு கதைத்துப் பலனில்லை என்று கண்டதும் அவர் சோபாவில் அரைவட்டம் திரும்பினார். பெண்சாதியோடு ஏலாவிட்டால் புருஷனிடம் போவது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. என் வீட்டுக்காரர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் ஒரு சொல் ‘வெட்டுங்கோ’ என்றால் போதும். நான் கசெட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம்தான். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கல்லவா போக வேண்டும்?

“தம்பி, நீர் ஏன் பேசாமல் இருக்கிறீர்?” என்றார் தலைவர். “உம்மட மனிசிக்கு நீர்தான் சொல்ல வேணும். நாளைக்குச் சனம் உம்மைப் பாத்துத்தான் சிரிக்கப்போகுது. நீர் ஒரு சொல்லுச் சொல்லும்.”

என் வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார்.

“அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் இப்ப என்னை என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?”

“தம்பி எண்டு.”

“அதுக்குப் பிறகு.”

தலைவர் விழித்தார். “‘நீர்’ எண்டு. அதுக்கென்ன? உமக்கு மரியாதை தந்துதானே சொன்னனான்.”

“ஓம். நீங்கள் என்னை ‘நீர்’ எண்டால் மரியாதை. நான் என்ர மனிசியை ‘நீர்’ எண்டால் அதுவும் மரியாதை. அவ என்னைச் சொன்னால் மட்டும் அது எப்பிடி அண்ணை மரியாதை இல்லாமல் போகும்?”

மதுரைக்காரர் நிலத்திலிருந்து நிமிர்ந்தார். “அதான் சார் நானும் முதல்லயே சொன்னேன்.”

“எனக்கும் அது பிடிக்கேல்லைத்தான்,” என்றார் என் வீட்டுக்காரர். அதைச் சொல்லும்போதும் என்னைப் பார்க்கவில்லை, தலைவரைத்தான் பார்த்தார். “படம் பிடிச்ச நாள் துவக்கம் எனக்கு நித்திரை இல்லை. ஆனால் வயலின் வேண்டாம்.”

நாடகம் அலைவரிசையில் போயிற்று. ஒரு எழுத்தும் போகாமல், வயலின் இல்லாமல் போயிற்று. அது முடியும் முன்னமே எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. ஒருவர், கல்யாணமாகாத குமர்ப் பிள்ளைகள் பார்க்கிற நாடகத்தில் இப்படிக் காட்டலாமா என்று கேட்டார். “அவையள் பாக்கத்தான் எடுத்தனாங்கள்,” என்றேன். இன்னொருவர் பெயரும் சொல்லாமல், “புருசனுக்குச் சோறாவது போடுறனீரோ?” என்றார். என்னை அவர் ‘நீர்’ என்றதைக் கவனித்தேன். “வந்து பாரும், கறியும் இருக்கு,” என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்து மூச்சு விடும் முன் மறுபடி அடித்தது. இந்த முறை பெண் குரல், மிகத் தாழ்ந்த குரல்.

“அக்கா, நீங்கள் ‘நீர்’ எண்டு சொன்ன உடன எங்கட வீட்டில இவர் டிவியை நிப்பாட்டிப்போட்டார். இப்ப குளிக்கப் போயிட்டார். மிச்சம் என்ன நடந்தது, கெதியாச் சொல்லுங்கோ.”

சிரிப்பும் வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கதையைச் சொன்னேன். அவள் வீட்டை விட்டுப் போனதை, முதலாளி சுருட்டுக் கொட்டிலில் தனியே இருந்ததை, கடைசியில் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவளுடைய சின்ன வீட்டுக்கு அவர் தேடி வந்ததை எல்லாம் சொன்னேன்.

“வந்து என்ன சொன்னவர் அக்கா?”

“அதுவரைக்கும் ‘நீ’ எண்டு சொன்ன மனிசன், வாசல்ல நிண்டு ‘உமக்கு என்ன வேணும்?’ எண்டு கேட்டவர்.”

“வாறார், வைக்கிறன்,” என்று தொலைபேசி நின்றது. அந்தப் பிள்ளை யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் திரும்பினேன். என் வீட்டுக்காரர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. இடுப்பில் சாரமும் மேலே பழைய ஸ்வெட்டரும். மீசைக்குள் சிரிப்பு மாதிரி ஒன்று.

“சரி,” என்றார். “உமக்கு என்ன வேணும்?”

நாடகத்தில் அவளுக்கு நான் நீளமான ஒரு பதில் எழுதியிருந்தேன். அது ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை.

“நீர் போய் ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாரும்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது. கொண்டுவந்து என் கையில் தந்தார். சீனி கூடிப்போயிருந்தது. ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.